களஞ்சியங்களையும் கொஞ்சம் கண்டுகொள்ளுங்கள்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த லண்டன் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். கோட்டை, அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் சரி, அங்கே இருந்தவர்களுக்குச் சோறு போட்ட பண்ணைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? ஹாரோவில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம், பக்கத்தில் ரைஸ்லிப்பில் இருக்கும் மேனர் ஃபார்ம் என்ற பழைய பண்ணைக்கு எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று தெரியவில்லை.

அங்குள்ள பெரிய தானியக் கொட்டகை 1300-ஐ ஒட்டிக் கட்டியது. நிலம் அப்போது பிரான்ஸில் நார்மண்டிப் பகுதியின் பெக் என்ற கிறிஸ்தவ மடத்துக்குச் சொந்தம், 1451-லிருந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும்தான். மூட்டுகளை மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கொட்டகைகளில் கதவுகள் எதிரெதிராக இருப்பதற்கும் காரணம் உண்டு. மழை ஓயாத ஊரில் திறந்தவெளிக் களம் சரிப்படாது, அதனால் கூரைக்கு அடியிலேயே கதிரடித்து, இரண்டு பக்கமும் திறந்துவிட்டு, குறுக்கே வீசும் காற்றில் தூற்றினார்கள். நம் ஊர்க் களத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது பழமைப் பெருமைக்காக இல்லை. அதே வளாகத்தில் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னக் கொட்டகை ஒன்று இருக்கிறது, அது 1937-லிருந்து ஊர் நூலகம். தானியம் கொட்டிவைத்த இடத்தில் பிள்ளைகள் புத்தகம் எடுக்கிறார்கள், மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஓவியக் கண்காட்சி நடக்கிறது. தினமும் ஆள் நடமாட்டம் இருப்பதால் ஓர் ஓடு விழுந்தாலும் யார் கண்ணிலாவது படும்.

ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வொர்த் கொட்டகையின் கதையே வேறு. அதுவும் ரைஸ்லிப்பைப் போலவே ஹில்லிங்டன் நகராட்சிக்குள்தான் இருக்கிறது. வின்செஸ்டர் கல்லூரி 1426-27-இல் கட்டியது, நீளம் சுமார் 58 மீட்டர். 2006-இல் ஒரே ஒரு பவுண்டுக்கு விலைக்கு வந்தும் நகராட்சி வேண்டாம் என்றுவிட்டது. வாங்கிய தனியார் நிறுவனம் கூரையைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. புதிய ஓடுபாதை வந்தால் நஷ்டஈடு கிடைக்கும் என்ற கணக்கில் வாங்கியதாக அப்போது பேச்சு. கடைசியில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அதை 20,000 பவுண்டுக்கு வாங்கி, பழுதுபார்க்க அதைப்போலப் பல மடங்கு செலவு செய்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் கோடைக்காலத்தில் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் திறக்கிறார்கள், அதுவும் தன்னார்வலர்கள் புண்ணியத்தில்.

பூட்டிவைத்துக் காப்பாற்றுவதைவிடப் புழங்கவிட்டுக் காப்பாற்றுவதுதான் மலிவு என்பது என் கட்சி. இதை மறுப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இடம் கொடுங்கள், படிக்க ஆவல். அப்புறம், அடுத்த முறை அந்தக் கட்டுரையாளரை மெட்ரோபாலிட்டன் ரயிலில் ரைஸ்லிப்புக்கு அனுப்பிவையுங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

– வாசகர், ஹாரோ