குடோனில் கிடந்த மெயில்

மாப்ளே,

ஆறு மாசமாகப் பேச்சு மூச்சு இல்லை, தப்பு என் மேல்தான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பையன் பத்தாவது.

விஷயம் இதுதான். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் ஒருத்தன் டீ-சர்ட் ஆர்டருக்குப் பாதிப் பணம் தராமல் இழுத்தடிக்க, கேஸ் போட்டிருக்கிறோம். வக்கீல் 2021 மெயில் மொத்தமும் கேட்டார். "பிரிண்ட் எடுத்துக் குடு கண்ணு" என்றார் முதலாளி, ஜெராக்ஸ் கடை வேலை மாதிரி. சர்வரில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அப்போது பையரோடு ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசராக இருந்தது நம்ம 'நாளைக்கு' அண்ணன். அவர் அவுட்லுக்கில், மெயிலைச் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்கிற பாப் கணக்கு வைத்து, சர்வரில் நகல் விடாமல் எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கே இழுத்திருக்கிறார். ஓஎஸ்டி பைல் என்றால் சர்வரில் இருப்பதன் நகல், போனாலும் திரும்ப எடுக்கலாம். இது பிஎஸ்டி, அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிற பைல், இது போனால் போனதுதான். அந்தப் பெட்டியோ குடோனில், கட்டிங் வேஸ்ட் மூட்டைக்கு அடியில்! டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் பைல்ஸ்' போல்டரில் அந்த பைல் 11 ஜிபிக்குப் படுத்திருந்தது. பழைய இரும்புக்காரர் அடுத்த வாரம் வருவதாக இருந்தார்.

சந்தோஷத்தில் நேராகத் திறந்து தொலைத்தேன். அவுட்லுக் திறந்தாலே பைல் மாறிவிடுமாம், முதலில் நகல் எடுத்து அதைத்தான் திறக்க வேண்டுமாம். வக்கீல் வாங்கு வாங்கென்று வாங்கினார். கம்ப்யூட்டர் ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுப்பதற்கு இருந்த பழைய 65பி பிரிவு போய், 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63. அதற்குக் கொடுக்கிற சான்றிதழில் இரண்டு பாகம், பைலுக்குக் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். ஒரு பாகத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன், இன்னொன்றில் நிபுணர் போட வேண்டும்.

இனிமேல்தான் வயிற்றைக் கலக்குகிற சங்கதி. உள்ளே ஒரு மெயில், ஷிப்மென்ட் தாமதத்துக்குப் பத்து சதம் தள்ளுபடி தருகிறோம் என்று அண்ணனே ஒத்துக்கொண்டது. முதலாளி கதவைச் சாத்திவிட்டு, "அது ஒண்ணை மட்டும் எடுத்துரு" என்றார். பதினெட்டு வருசச் சோறுடா. வணிக நீதிமன்றச் சட்டப்படி நமக்குப் பாதகமானதையும் காட்டித்தான் ஆக வேண்டும், ஒன்றை அழித்தாலும் ஹாஷ் மாறிவிடும், தவிர அது பையரிடமும் இருக்குமே என்றேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. டீ கூட எனக்குத் தனியாகத்தான் வருகிறது.

கோயம்புத்தூரில் அந்த இரண்டாம் பாகத்துக்குக் கையெழுத்துப் போட உனக்குத் தெரிந்த ஆள் யாராவது உண்டா? வெள்ளிக்கிழமைக்குள் சொல். ஹார்ட் டிஸ்க்கை இப்போது என் வீட்டு பீரோவில், அம்மா சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன்,
பழைய கடன்காரன்