58 என்று எழுதித் தராதீர்கள்: நெல்லை டென்னிஸ் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் கோச் சார்மாருக்கும், பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர்மாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் ராக்கெட்டுக்குக் கட்டிங், அதாவது நரம்பு, போட்டுக் கொடுக்கும் கடைக்காரன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். எனக்கு உங்கள் எல்லாருடைய கையெழுத்தும் தெரியும். பிள்ளைகள் ராக்கெட் பையிலிருந்து எடுத்து நீட்டும் துண்டுச்சீட்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து. 'பாலி, 56' என்று இருக்கும். பாலி என்றால் பாலியஸ்டர் நரம்பு, எண் என்பது அதை எத்தனை பவுண்டு இறுக்கத்தில் இழுத்துக் கட்ட வேண்டும் என்ற கணக்கு. 'பாலி, 58' என்று இருக்கும். போன மாதம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கொண்டுவந்த சீட்டில் 60 என்று இருந்தது. அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறீர்கள். "பாலி சீக்கிரம் தொய்ஞ்சிரும் அண்ணாச்சி, நாலு பவுண்டு கூட்டியே போடுங்க." தொய்யும் என்பது உண்மை. கூட்டிப் போட்டால் ஈடாகிவிடும் என்பதுதான் தப்புக் கணக்கு. எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு கூடுதலாகத் தொய்கிறது.

இதை உங்களுக்குச் சொல்லும் முன் என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். பல வருடம் நானும் அப்படித்தான் போட்டேன். மாவட்டப் போட்டிகளில் ஆடும் பதிமூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி 58 என்ற சீட்டோடு வந்தாள். எப்படியும் தொய்யும் என்று என் பங்குக்கு இரண்டு கூட்டி 60-ல் போட்டேன். சீட்டில் இல்லாததை நானாகச் செய்தேன். ஒன்றரை மாதம் கழித்து முழங்கையில் துணிக்கட்டோடு வந்தாள். ராக்கெட்டை இடது கையில் பிடித்திருந்தாள். "வலிக்கி அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் டைட்டா போட்டா சரியாயிருமா?" என்று கேட்டாள். வலிக்கு முழுக் காரணமும் நரம்புதான் என்று சொல்ல மாட்டேன். அவள் அந்தக் கோடையில் காலையும் மாலையும் ஆடியிருக்கிறாள். ஆனால் அந்த ராக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெடுக்கு நரம்புகளில், குறுக்கு நரம்பு உரசும் ஒவ்வொரு இடத்திலும் அரத்தால் அறுத்த மாதிரி பள்ளம். ஒரு நரம்பை விரலால் நகர்த்தினேன், நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டியது 'டொப்' என்றது. அறுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். செத்த நரம்பை வைத்து அந்தப் பிள்ளை ஒரு மாதமாக ஆடியிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அளந்து பார்க்கத் தொடங்கினேன். அண்ணன் தம்பி இருவர் ஒரே மாதிரி ராக்கெட் வைத்திருந்தார்கள். அவர்கள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, ஒரே சுருளிலிருந்து 1.25 மில்லிமீட்டர் பாலியஸ்டர் எடுத்து, ஒன்றை 58 பவுண்டிலும் மற்றதை 42-லும் போட்டேன். கிலோவில் சொன்னால் 26-க்குச் சற்று மேல் ஒன்று, 19 மற்றொன்று. நரம்பைத் தட்டும் ஓசையை வைத்து டென்ஷன், அதாவது இறுக்கம், சொல்லும் செல்போன் ஆப்பில், கட்டிங் மெஷினிலிருந்து இறக்கியதும் ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை, இரண்டு வாரம் ஆடிய பிறகு ஒரு தடவை பார்த்தேன். அந்த ஆப் தராசு மாதிரி துல்லியம் இல்லை, ஆனால் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். இறுக்கமானது ஒரே ராத்திரியில் 6 பவுண்டு இறங்கியிருந்தது, இரண்டு வாரத்தில் 11. தளர்வானது ராத்திரியில் 3, இரண்டு வாரத்தில் 6.

காரணம் பாலியஸ்டரின் உடம்பிலேயே இருக்கிறது. அது பல இழை முறுக்கிய நரம்பு இல்லை, ஒரே கம்பி. உள்ளே நூல் நூலாக நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இழுத்துப் பிடித்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன, நகர்ந்தவை முழுக்கத் திரும்புவதில்லை. கூடுதலாக இழுத்தால் கூடுதலாக வழுக்கும். முதல் சில மணி நேரத்தில்தான் வேகம், பிறகு மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். மாடியில் நைலான் கொடியை விண்ணென்று இழுத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்த்திருப்பீர்கள். துணியே போடாவிட்டாலும் நடுவில் தொங்கும்.

நீங்கள் ஒன்று கேட்கலாம். 58 இறங்கினாலும் 47-ல் நிற்கிறதே, அது 42-ஐ விட இறுக்கம்தானே என்று. சரிதான். ஆனால் பிள்ளை எந்த டென்ஷனில் ஆடப் பழகியது? திங்கட்கிழமை பலகை மாதிரி இருந்த ராக்கெட் வியாழக்கிழமை வேறு ராக்கெட். அடுத்த வாரம் இன்னொன்று. பந்து கோட்டைத் தாண்டிப் போகத் தொடங்கும். பிள்ளை கையைச் சுருக்கிக்கொண்டு பயந்து அடிக்கும். நீங்கள் பார்த்துவிட்டு 'தொய்ந்துவிட்டது, 60 போடச் சொல்' என்று எழுதுவீர்கள். மறுபடி முதலிலிருந்து. தளர்வாகத் தொடங்கினால் இந்த இறக்கமும் குறைவுதானே. முதல் வாரத்தின் அந்த 58 யாருக்காக? பாலியஸ்டர் இறுக இறுக விறைப்பும் கூடுகிற பொருள். அந்த விறைப்பு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும்தான் போகிறது.

இந்தப் பெரிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? அவை குடல் நரம்புக் காலத்து எண்கள். நாம் இன்றைக்கும் 'கட்டிங்', 'கட்ஸ்' என்கிறோமே, அது மாட்டுக் குடலில் செய்த அந்த நரம்பின் ஆங்கிலப் பெயரான 'gut' என்பதிலிருந்து வந்ததுதான். குடல் நரம்பு டென்ஷனை மற்ற எல்லாவற்றையும் விட நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், இறுக்கினாலும் துள்ளல் போகாது. ஸ்வீடன் ஆட்டக்காரர் போர்க் மர ராக்கெட்டில் 80 பவுண்டு வரை போட்டார் என்றால் அது அந்த நரம்பு. 1997-ல் பிரேசிலின் குயர்டன் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பனை வென்றபோது அவர் ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்ஸிலான் பாலியஸ்டர். அதற்குப் பிறகு உலகமே நரம்பை மாற்றிக்கொண்டது. நம் ஊர்ச் சீட்டில் எண் மட்டும் மாறவில்லை. பிரான்ஸின் மன்னாரினோ 30 பவுண்டுக்கும் கீழே போட்டுக்கொண்டு 2023-ல் ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் மூன்று ஏடிபி பட்டங்கள் வென்றார். அவர் மாதிரி போடச் சொல்லவில்லை. தளர்வாகப் போட்டால் ஆடவே முடியாது என்ற பேச்சை விட்டுவிடுவோம் என்கிறேன்.

தளர்த்தினால் முதல் இரண்டு நாள் பந்து நீளமாகப் போகும், மறைக்கவில்லை. தட்டையாக அடிக்கும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் போகும். ஆனால் பாலியஸ்டரின் பலமே நரம்பு பந்தோடு பக்கவாட்டில் வழுக்கிச் சட்டென்று திரும்புவதுதான், அதில்தான் சுழல் கிடைக்கிறது. கீழிருந்து மேலே தேய்த்து அடிக்க நீங்கள் சொல்லிக்கொடுத்தால் பந்து கோட்டுக்குள் இறங்கும். அதைச் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியும். என்னால் முடியாது.

எனவே கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பாலியஸ்டரே வேண்டாம். பல இழை நைலான் போதும், அறுந்தால் வரட்டும், போட்டுத் தருகிறேன். அதற்கு மேலே, பாலியஸ்டர் தேவைப்படுகிற அளவுக்கு ஓங்கி அடிக்கிற பிள்ளை என்றால் 42, 44-ல் தொடங்குங்கள். கை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் இரண்டு பவுண்டு குறைத்து எழுதுங்கள், கூட்டாதீர்கள். தளர்வாகப் போட்டாலும் நரம்பு சாகத்தான் செய்யும், மெதுவாக. அறுகிறவரை காத்திருக்காதீர்கள். 'ஆறு மாசமா அறுகல, நல்ல சரக்கு' என்று பெற்றோர் பெருமைப்படும்போது நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கட்டிங் போடும் சக கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பிடி சுற்றி இழுத்துப் பூட்டும் மெஷினில் போடும் 50-ம், எடை தொங்கும் மெஷினில் போடும் 50-ம் ஒன்றில்லை. பூட்டிய மறுநொடியே நரம்பு தளரத் தொடங்கும், எடை மெஷின் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். எதில் போட்டாலும் இழுத்த நரம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பைப் போடும் முன் ஒரு பத்து நொடி நிதானியுங்கள். வழுக்க வேண்டியதில் கொஞ்சம் அங்கேயே வழுக்கிவிடும்.

இப்போது கத்திரி வெயில் வருகிறது, கோடை முகாம்களும் கூடவே வருகின்றன. சூட்டில் பாலியஸ்டர் இன்னும் வேகமாகத் தளரும். காரின் டிக்கியிலும் ஸ்கூட்டரின் முன்பக்கத்திலும் ராக்கெட்டை வெயிலில் போட்டுவிட்டுப் பள்ளிக்குள் போகும் பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டுங்கள்.

முகாம் தொடங்கும் முன் உங்களில் யார் வேண்டுமானாலும் ஒரே மாதிரி இரண்டு ராக்கெட் கொண்டு வாருங்கள். நரம்பும் கூலியும் என் செலவு. ஒன்றில் நீங்கள் எழுதும் எண், மற்றதில் 42. எது எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஆடவிடுங்கள். பிறகு இரண்டையும் கடைக்கு எடுத்து வாருங்கள். மேசையில் வைத்து நீங்களே தட்டிக் கேளுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டை கட்டிங் கடைக்காரன்