இரண்டு விலை சொல்பவரை விரட்டினால் வெள்ளி இறங்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி விலை பற்றிச் சென்ற வாரம் வந்திருந்த வாசகர் கடிதம் படித்தேன். பின்னொரு தேதிக்கான சரக்குக்கு இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேரச் சந்தையில் வாங்கவும் விற்கவும் ஒரே நேரத்தில் விலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ‘மார்க்கெட் மேக்கர்’களை விரட்டினால் விலை தானாக இறங்கும், கொலுசுத் தொழில் பிழைக்கும் என்கிறார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் நான். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்.

வெள்ளி முன்பேரம் நடக்கும் மும்பைச் சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸின் திரையில் ஐந்து வாங்கும் விலையும் ஐந்து விற்கும் விலையும் தெரியும். உதாரணத்துக்கு, கிலோ 1,50,000-க்கு வாங்கத் தயார், 1,50,030-க்கு விற்கத் தயார் என்று ஒருவர் நிற்கிறார். அந்த 30 ரூபாய் இடைவெளிதான் அவர் பிழைப்பு. வெள்ளி ஏற வேண்டும் என்றோ இறங்க வேண்டும் என்றோ அவருக்கு வேண்டுதல் கிடையாது. அவர் பயமே வேறு: எதிரில் வந்து விற்பவனுக்கு நமக்குத் தெரியாத சங்கதி ஏதாவது தெரிந்திருக்குமோ? அடுத்தடுத்து விற்பவர்களாகவே வந்தால் கையில் சரக்கும் சேரும், சந்தேகமும் சேரும். இரண்டு விலையையும் கீழே இறக்குவார். வாங்குபவர்களாகவே வந்தால் ஏற்றுவார். கூடவே அமெரிக்க முன்பேரச் சந்தையான காமெக்ஸின் விலை, டாலர் மதிப்பு இரண்டையும் அவருடைய கணினி நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். யாரோ ஒரு வியாபாரி மட்டும் அறிந்த விஷயம் அவருடைய ஆர்டர் வழியாகத் திரைக்கு வந்து, விலையாக ஊருக்கெல்லாம் தெரிவது இப்படித்தான்.

அமெரிக்கப் பணவீக்க எண்கள் வரும் மாலையில் (கோடையில் நமக்கு 6 மணி, குளிர்காலத்தில் 7) திரையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அறிவிப்புக்குச் சற்று முன் இடைவெளி விரியும்; பலர் விலையையே எடுத்துவிடுவார்கள். செய்தி வந்ததும் வேறொரு இடத்தில் திரும்ப வந்து நிற்பார்கள். நடுவில் பெரிதாக வியாபாரம் நடந்திருக்காது, விலை மட்டும் மாறியிருக்கும். ‘யாருமே வாங்காமல் எப்படி ஏறியது? மோசடி!’ என்று கடைவீதியில் பேச்சு கிளம்பும். பழைய விலையில் விற்க இனி ஆளில்லை என்பதும் ஒரு செய்திதானே? இவர்களை விரட்டிவிட்டால் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் கதைதான். பிடித்த இருவரைத் தவிர விலை யாருக்கும் தெரியாது.

இன்றைய விலைக்குக் கொலுசு ஆர்டர் எடுத்துவிட்டு, கட்டி வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் சிறு பட்டறைக்காரருக்கு 30 கிலோ ஒப்பந்தம் எட்டாது. ஒரு கிலோ மைக்ரோ ஒப்பந்தம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்; வெள்ளி ஏறினால் கட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதை அதில் வரும் லாபம் ஈடுகட்டும். வாங்கும்போதும் கழிக்கும்போதும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் கொடுக்கும் கூலி அந்த இடைவெளிதான். போட்டிக்கு ஆள் நிறைய நின்றால் அது குறுகும். பல மாதம் தள்ளி முடியும் ஒப்பந்தத்துக்குப் போனால் ஆள் குறைவு, இடைவெளி அகலம். அங்கே திரையில் தெரிவதை நான் விலையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அதற்காக இவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஊக்கத்தொகை கொடுத்து இருபக்க விலை சொல்ல வைக்கும் திட்டத்தைப் பங்கு, சரக்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி 2018-இல் சரக்கு முன்பேரச் சந்தைக்கும் அனுமதித்தது. அது ஆள் வராத ஒப்பந்தங்களுக்காக. வெள்ளி போல வியாபாரம் கொழிக்கும் இடத்தில் பலர் தாங்களாகவே வந்து நிற்பவர்கள். நிலைமை மோசமானால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம்.

2025 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி நாம் பட்டது வேறு கஷ்டம். திரையில் ஒரு விலை. கட்டி வெள்ளி கேட்டுப் போனால் அதற்கு மேல் பிரீமியம் என்று கூடுதல் பணம். லண்டனிலேயே சரக்குத் தட்டுப்பாடு. சில வெள்ளி ஃபண்டுகள் மொத்தமாகப் போடும் பணத்தை வாங்க மறுத்தன. காமெக்ஸையும் டாலரையும் பார்த்து விலை சொல்பவருக்குச் சேலத்துக் கடையில் வெள்ளி இருக்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரியும்? டெலிவரி எடுத்துச் சமாளிக்கலாம் என்றால் எம்சிஎக்ஸ் வெள்ளிக்கு மையம் அகமதாபாத். அந்த வாசகர் தன் கோபத்தைத் தெற்கே ஒரு டெலிவரி மையம் கேட்பதில் காட்டியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். 

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில் வெள்ளிக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் போடாமல், முன்பேரச் சந்தையில் கடைசியாக நின்ற வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும், பக்கத்திலேயே சேலத்தில் கட்டி வெள்ளி கைமாறிய விலையையும் அச்சிடுங்கள். மூன்றும் விலகி நிற்கிற நாளில் புது ஆர்டருக்கு விலை சொல்லாமல் ஒரு நாள் தள்ளிப்போட எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.