பாட்டிலை எடுக்கும் முன் இலையைக் கேளுங்கள்

செங்குன்றம், மாதவரம் வட்டாரத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்கார அண்ணன்களுக்கு,

வணக்கம். நான் குடியிருப்பது மாதவரம். சோழவரம் தாண்டி ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலம் இருக்கிறது. வழக்கமாக வேர்க்கடலைதான் போடுவேன். போன வருஷம் ஆசைப்பட்டுப் புரட்டாசியில் சோயா விதைத்தேன். வடசென்னையில் சோயா என்றால் மீல்மேக்கர்தான், செடியைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் உங்கள்மேல் முழுப் பழியையும் போட மனசு வரவில்லை.

ஐப்பசி மழையில், பூ வைக்கும் நேரம், இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு “துரு நோய்” என்றார். அது பூஞ்சையால் வருவது, கொடுத்ததும் பூஞ்சைமருந்துதான். முதலில் ஹெக்சகோனசோல். அது கேட்கவில்லை என்றதும் புரோபிகோனசோல். அப்புறம் டெபுகோனசோல். மூன்று கம்பெனி, மூன்று விலை. மூன்றுமே டிரையசோல் என்ற ஒரே குடும்பம், பூஞ்சையை ஒரே இடத்தில்தான் அடிக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய கூத்து, வந்திருந்தது பூஞ்சையே இல்லை. தெரிந்த வேளாண் அலுவலர் ஒருவர் இலையைத் திருப்பிப் பார்த்து, பாக்டீரியாக் கொப்புளம் என்றார். அதற்கு டிரையசோலை எத்தனை டேங்க் அடித்தாலும் தண்ணீர் அடித்த மாதிரிதான்.

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. துரு என்றால் இலையின் அடிப்பக்கம் சின்னச் சின்ன மேடு இருக்கும், முற்றியதை விரலால் தேய்த்தால் பழுப்புத் தூள் ஒட்டும். லென்ஸில் பார்த்தால் மேட்டின் உச்சியில் துளை தெரியும். பாக்டீரியா மேட்டில் அந்தத் துளை இருக்காது, தூளும் வராது, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். சந்தேகம் தீரவில்லையா? இலையை ஈரத்துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு ராத்திரி வையுங்கள். துருவாக இருந்தால் தூள் பெருகும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கல்லாப்பெட்டிப் பக்கத்தில் கிடந்தால் போதும்.

இன்னொன்று. தார்வாட், பெல்காம், கோலாப்பூர் பக்கம் துரு சோயாவை உலுக்கியிருக்கிறது. அங்கே அதைத் தாங்கும் டிஎஸ்பி 21 ரகமே வந்துவிட்டது. நம்ம வெயிலில் அதைவிட வேரழுகலுக்குத்தான் பயப்பட வேண்டும். வாடிய செடியைப் பிடுங்கி, வேர்ப்பட்டையை உரித்தால் கரித்தூள் தூவிய மாதிரிப் புள்ளிகள் இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூலும் கடுகு மாதிரி மணிகளும் இருந்தால் அது வேறு பூஞ்சை. இரண்டுக்கும் இலைமேல் அடித்துப் பிரயோஜனமில்லை. விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அதாவது கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை, கலந்திருக்க வேண்டும். விதை வாங்க வருகிறவரிடம் அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக் காட்டினால் உங்களுக்கும் வியாபாரம்தானே.

ஒரே குடும்பத்து மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. 2001இல் அங்கே துரு நுழைந்தது. டிரையசோலுக்கும் ஸ்ட்ரோபிலுரின் என்ற இன்னொரு மருந்துக் குடும்பத்துக்கும் அது பழகிக்கொள்ள, கடைசியில் மாங்கோசெப் மாதிரிப் பழைய மருந்தையும் கூடச் சேர்க்க வேண்டியதாயிற்று. வருஷத்தில் சில மாதம் வயலில் பச்சைச் சோயாச் செடியே நிற்கக்கூடாது என்றும் சட்டம் போட்டார்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். படத்தை நம்பாதீர்கள், நோய் கண்ட செடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பில்லில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதுங்கள். அடுத்த முறை வேறு குடும்பத்து மருந்தாகக் கொடுக்க உங்களுக்கே அது உதவும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். அப்படிச் சொல்கிற கடையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாதவரத்திலிருந்து ஒரு சின்ன விவசாயி