பெரியம்மாவைப் பேச வைப்பது பற்றி

ரங்கூன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். காளியம்மன் கோயில் பக்கம் போனால் பழைய கூட்டாளிகள் உன்னை விசாரிக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மாவையும் உங்கள் ஊர் தன்பியூசயாட்டில் இருக்கும் பெரியவர்களையும் போனில் வீடியோ எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதைத் தள்ளிப்போடாதே. ஜப்பான்காரன் 1942-43இல் சயாமிலிருந்து உங்கள் ஊர் வரைக்கும் ரயில்பாதை போட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டி இருப்பார்கள். 415 கிலோமீட்டர் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். மலாயாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலிகள் ஊருக்குள் வந்து என்ன கேட்டார்கள், நம் பெண்கள் அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை இவர்கள்தான் சொல்ல வேண்டும்.

'என்ன கேட்பது?' என்று கேட்டிருந்தாய். தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளைப் பற்றிக் கேள். 'அப்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?' என்று டிவியில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவே கேட்காதே. அதற்கு நம் ஆட்களிடம் ஒரே பதில்தான் உண்டு: 'கஷ்டம்தான் தம்பி, என்ன செய்யிறது.' அதோடு வாய் மூடிவிடும்.

இங்கே ஒரு பாட்டியிடம் 1964ஐப் பற்றிக் கேட்கப் போனோம். மார்ச் 19ஆம் தேதி பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட நாள். பொதுவாகக் கேட்டதற்கு அந்தப் பதில்தான் வந்தது. அப்புறம் மெதுவாக, 'அன்றைக்குக் கடைச் சாவி யார் கையில் இருந்தது, பாட்டி?' என்று கேட்டேன். அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவி அவர் இடுப்பில் இருந்திருக்கிறது. வந்தவர்கள் கேட்டபோது வீட்டுக்காரர் அவரைப் பார்க்க, இவர் சாவிக்கொத்திலிருந்து பூஜை அலமாரிச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து கதை மே மாதத்துக்குப் போனது. 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த நோட்டுகள் எந்த டப்பாவில் இருந்தன, யார் வீட்டு வாசலில் யார் உட்கார்ந்து அழுதார்கள் என்று எல்லாம் வந்தது. மனநிலை என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. முழுசாக அவர் முகத்திலேயே இருந்தது.

அதனால் பெரியம்மாவிடம் போகும்போது பழைய போட்டோவோ, கப்பல் டிக்கெட்டோ, வெளிநாட்டவர் என்று பதிந்து கொடுத்த எஃப்ஆர்சி அட்டையோ, ஒரு பித்தளைச் சொம்போ இருந்தால் கையில் கொடு. கை ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் கண் கேமராவைத் தேடாது. பேச்சு முடிந்ததும் அந்தப் பொருளையும் கையையும் கிட்டத்தில் வைத்துத் தனியாக எடுத்துக்கொள். பிறகு வெட்டி ஒட்டும்போது ரொம்ப உதவும்.

கேட்டுவிட்டுச் சும்மா இரு. எல்லாவற்றையும்விட இதுதான் கடினம். பெரியவர்கள் பதில் சொல்லி நிறுத்தியதும் நமக்கு உடனே அடுத்த கேள்வியைப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பார். முதலில் சொன்னது பல தடவை சொல்லிப் பழகிய கதை. அந்த இடைவெளிக்குப் பிறகு வருவதுதான் யாரிடமும் சொல்லாதது. 'ஆமா ஆமா', 'அப்படியா' என்று நீ சொல்லும் ஒவ்வொன்றும் அவர்கள் குரல் மேல் விழுந்து பதிவாகும், தனியாகப் பிரிக்க முடியாது. தலையை ஆட்டு, கண்ணைப் பார், போதும். முந்தின நாளே கேள்விகளை எல்லாம் சொல்லிப் பேசவைத்துவிடாதே. இரண்டாம் தடவை சொல்லும்போது, 'அதான் நேத்தே சொன்னேனே' என்று சுருக்கிவிடுவார்கள். முன்கூட்டிப் போனால் டீ குடி, பேரன் பேத்திகளை விசாரி, அதோடு வந்துவிடு.

உன் குரலை வெட்டிவிடப் போகிறாய் என்றால் பதில் தனியாக நிற்க வேண்டும். 'எந்த வருஷம்?' என்றால் 'அறுபத்தஞ்சு' என்று ஒரே சொல்லில் முடியும். 'கப்பலுக்குப் புறப்பட்ட கதையை முதலிலிருந்து சொல்லுங்க' என்றால் முழு வாக்கியமாக வரும். பர்மியத்திலும் தமிழிலும் கலந்து பேசினால் விட்டுவிடு, திருத்தாதே. கீழே எழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

போனைக் கையில் பிடிக்காதே. டிரைபாட் இல்லையென்றால் நாற்காலி மேல் புத்தகங்களை அடுக்கி, லென்ஸ் அவர்கள் கண் உயரத்துக்கு வரும்படி வை. மேலிருந்து எடுத்தால் ஆள் ஒடுங்கித் தெரிவார். நீ லென்ஸுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல் உட்கார். அவர்கள் உன்னைப் பார்த்துப் பேசட்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். டியூப் லைட்டை அணைத்துவிடு. அணைக்க முடியாவிட்டால் ஷட்டரை 1/50இல் வை, படம் துடிக்காது. போனை ஃப்ளைட் மோடில் போட மறக்காதே, பாதியில் யாராவது கூப்பிட்டால் பதிவு நின்றுவிடலாம்.

படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சேலைக்கு வெளியே குத்து. உள்ளே ஒளித்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். வளையல் குலுங்கினால் கழற்றச் சொல்லாதே, அது மரியாதையாக இருக்காது. கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல். ஃபேன் வேண்டாம். கரண்ட் போனால் ஃபேனும் டியூப் லைட்டும் தானாக நிற்கும், ஆனால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தொடங்கிவிடும். அதனால் விடியற்காலையில், காலைப் பலகாரமாக மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்ட கையோடு ஆரம்பி. பெரியவர்களுக்கும் அப்போதுதான் தெம்பு. முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொள். வெட்டின இடத்தை நிரப்ப அது வேண்டும்.

முக்கால் மணிக்கு மேல் இழுக்காதே. களைத்துப்போனால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வா.

ஒன்று மட்டும் முன்னாலேயே பேசிவிடு: யாருக்குக் காட்டலாம், பெயர் போடலாமா, எதை வெளியே விடக்கூடாது. இந்த நாட்டில் நம் ஆட்கள் பயந்து பயந்து வாழ்ந்தவர்கள். பாதியில் 'இது வேண்டாம்' என்றால் அந்த இடத்திலேயே, அவர்கள் கண் முன்னால் அழித்துவிடு. மிச்சத்தை அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வை.

என்னிடம் ஒரு காலர் மைக் சும்மா கிடக்கிறது. மோல்மீன் பக்கம் வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் போனில் எந்த ஓட்டை, டைப் சி-யா பழையதா என்று உடனே எழுது, அதற்கேற்ற வயரும் சேர்த்து வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்