‘என்’ என்ற ஒரு சொல்: ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஜேம்ஸ் ஜாய்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினின் நடுவே ஏறத்தாழ 22 ஏக்கரில் விரிந்திருக்கும் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில், உங்கள் மார்பளவுச் சிலையின் பீடத்தில், உங்கள் முதல் நாவலான ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’-இன் வரியொன்று பொறிக்கப்பட்டிருக்கிறது: ஸ்டீபன்ஸைக் கடக்கையில், அதாவது என் கிரீனை. நாயகனின் பெயரும் ஸ்டீபன் என்பதால் இதை வெறும் சிலேடை என்று ஒதுக்கிவிடலாம். எனக்கோ அந்த ‘என்’ என்ற சொல்லை விட்டு நகர முடியவில்லை.

ஏனெனில், 1664-இல் சுவரெழுப்பி அடைக்கப்பட்ட அந்தப் பொதுநிலம், 1814-க்குப் பிறகு, சுற்றியுள்ள மாளிகைவாசிகளுள் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சாவி பெற்றவர்களுக்கு மட்டுமே திறந்தது. கறுப்பு பியர் வடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தர் கின்னஸ் முயன்று 1877-இல் சட்டம் கொண்டுவரச் செய்து, தம் செலவிலேயே பூங்காவைத் திருத்தியமைத்த பின்னரே, 1880 ஜூலை 27 அன்று அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது. (கறுப்பு பியர் இலக்கியத்துக்குச் செய்த நேரடி உதவி இதுவாகத்தான் இருக்கும்.) நீங்கள் பிறந்ததோ 1882-இல். கடன் முற்றி வீடு மாறிக்கொண்டே இருந்த உங்கள் குடும்பத்துக்கு அந்தச் சாவி எந்நாளும் எட்டியிருக்காது. ஓர் ஏழை மாணவன் கல்லூரிக்குப் போகும் வழியில் அந்தப் புல்வெளியைத் தன்னுடையது என்று உரிமையோடு சொல்ல முடிந்ததன் பின்னே, அவன் பிறப்பதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் திறந்த ஒரு வாயிற்கதவு இருக்கிறது.

அந்த நாவல் நூலாக வெளிவந்த 1916-ஆம் ஆண்டிலேயே, நீங்கள் சூரிச்சில் இருந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சியின் போராளிகள் அதே பூங்காவில் பதுங்குகுழி வெட்டினார்கள். எதிரே இருந்த ஷெல்போர்ன் விடுதியிலிருந்து பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. பூங்காக் காப்பாளர் குளத்து வாத்துகளுக்கு இரை போட்டு முடிக்கும்வரை இரு தரப்பும் சுடாமல் பொறுத்திருந்ததாகச் சொல்கிறார்கள். இந்தக் காட்சியை நீங்கள் எழுதாமல் போனீர்களே என்று எனக்கு வருத்தமுண்டு.

இன்று அந்தப் பூங்காவில் கவிஞர் யேட்ஸுக்குச் சிற்பி ஹென்றி மூர் செய்த நினைவுச்சின்னம் இருக்கிறது. யேட்ஸ் முன்னுரை எழுதிய ‘கீதாஞ்சலி’யின் ஆசிரியர் தாகூரும் 2011 முதல் சிலையாக உங்கள் அண்டைவீட்டார். உங்கள் சிலையோ, சாலைக்கு அப்பால் நீங்கள் படித்த கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்தபடி நிற்கிறது. இப்போது இலக்கிய அருங்காட்சியகமாக இருக்கும் அங்கேதான் உங்கள் ‘யுலிஸஸ்’ நாவலின் முதல் எண்ணிட்ட பிரதி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாசகன்