கொடுக்காதே, சங்கரா

அன்புள்ள சங்கரா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது அவசரமாக எழுதக் காரணம் உன் கடைசி வரிதான். கையை உதறினால் கடிகாரத்துக்குள் ஏதோ கழன்று சுற்றுகிறது, மூர்த்தி சொன்னபடி பேரிங்குக்கு எண்ணெய் விடக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே! மூர்த்தியின் எண்ணெய்ப் பைத்தியம் நம் சைக்கிள்களோடு முடிந்திருக்க வேண்டும்.

உன்னுடையதில் ஓடும் இயந்திரம் வால்ஷூ 7750 என்றாய். அதன் ரோட்டர், அதாவது கை அசையும்போது சுழன்று தானாகச் சாவி கொடுக்கும் தகடு, ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏறும். மறுபக்கம் சுமையே இல்லாததால் விர்ரென்று சுழலும். மணிக்கட்டில் அது துள்ளுவதுகூடத் தெரியும். அந்த இயந்திரத்தின் சுபாவமே அதுதான், பழுது இல்லை.

அது அப்படித் தங்குதடையின்றிச் சுழல்வதற்குக் காரணமான சின்னஞ்சிறு குண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ரோட்டர் என்பது விளிம்பில் கனத்த அரைவட்டத் தகடு. அவ்வளவு கனத்தையும் நடுவில் ஒரு மெல்லிய அச்சு தாங்கினால், கடிகாரம் கீழே விழும்போது அடி முழுவதும் அந்த அச்சில்தான் இறங்கும். விழாவிட்டாலும் நாளடைவில் அது தேயும். சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் ஊரைச் சேர்ந்த எடெர்னா நிறுவனம் 1948இல் ரோட்டரை ஐந்து எஃகுக் குண்டுகள்மேல் உட்காரவைத்தது. ஒவ்வொன்றும் 0.65 மில்லிமீட்டர்! சுமை ஒரு புள்ளியில் நிற்காமல் ஒரு வட்டத்துக்குப் பரவிவிட்டது. அந்த ஐந்து புள்ளிகளையே அவர்கள் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். வேறு எந்த நிறுவனத்தின் சின்னமும் எனக்கு இவ்வளவு நியாயமாகப் படவில்லை. ரோலெக்ஸ்கூட நெடுங்காலம் தன் மூன்று முள் கடிகாரங்களில் அச்சையே நம்பியிருந்து, 2015இல் வந்த 3255 இயந்திரத்தில் பால் பேரிங்குக்கு மாறியது.

அப்படியானால் எல்லாச் சக்கரத்துக்கும் பேரிங் போடலாமே என்று நீ கேட்பாய். முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அந்த அளவில் குண்டுகளை அடுக்குவதைவிட, மெருகேற்றிய மாணிக்கக் கல் துளையும் ஒரு துளி எண்ணெயும் எவ்வளவோ மேல். கனமானதை, அதிர்வைத் தாங்க வேண்டிய இடத்தில்தான் குண்டுகளுக்கு வேலை.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எஃகுக் குண்டுகளுக்குத் தேவைப்பட்டாலும் மெல்லிய எண்ணெய் இம்மியளவு போதும். அதிகமானால் தூசியைப் பிடித்துவைத்துப் பிசினாகி, ரோட்டரையே மந்தமாக்கிவிடும். சில கடிகாரங்களில் எஃகுக்குப் பதிலாக வரும் செராமிக் குண்டுகளுக்கு எண்ணெயே வேண்டாம். அவை கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும்.

பேரிங் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பின்மூடியை மட்டும் திறக்கச் சொல். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ரோட்டரின் விளிம்பு உரசியிருந்தால் வில்போல வளைந்த பளபளப்பான கீறல் ஒன்று ஓடும். பக்கத்தில் நுண்ணிய உலோகத் தூள் கறுப்பாகப் படிந்திருக்கலாம். பிறகு குச்சி முனையால் ரோட்டரின் விளிம்பை மெதுவாக அழுத்தச் சொல். மேலும் கீழும் நன்றாக ஆடினால் பேரிங் போய்விட்டது. அதை அப்படியே மாற்றிவிடுவதுதான் வழக்கம், எண்ணெயால் தேய்மானம் திரும்பாது. கீறலும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் மூடியை மூடிக் கையில் கட்டிக்கொண்டு வா.

நன்றாக ஓடும் கடிகாரத்தைச் சந்தேகத்தின் பேரில் முழுவதும் பிரித்துப்போட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை, சங்கரா. திருகாணித் தலைகள் சிதையும், தூசி நுழையும், வராத பழுதும் வந்து சேரும். அதனால்தான் இத்தனை பக்கம்.

மூடியைத் திறந்தவுடன் கீறல் இருந்ததா என்று எழுது. முடிந்தால் ரோட்டரின் நடுப்பகுதியை நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பு; பேரிங்கின் நிலையை நானும் பார்க்கிறேன். மூர்த்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரகு